ப்ரூனோவுக்குப் போட்ட சோறு

அம்மா வீட்டு மொட்டை மாடியில் ஓர் அலுமினிய குண்டா இருக்கிறது. இப்போது அதில் கறிவேப்பிலைச் செடி வளர்கிறது. விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். பசி வந்தால் ப்ரூனோ அதைப் பல்லால் கவ்விக்கொண்டு வந்து அப்பாவின் காலடியில் போடும். அப்படிப் போட்டுப் போட்டு நசுங்கியது. தன் பாத்திரத்தைத் தானே தூக்கி வந்து நிற்கும் நாயிடம் 'இல்லை' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்பாவுக்குத்தான் தெரியும்.

அப்பா வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் துணிக்கு இஸ்திரி போடும் அயர்ன் மாஸ்டர். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். லைன் வீட்டில் ஒரே அறை, ஓரமாக அடுப்பு. டாலர் விலை இறங்கி ஏற்றுமதிக்காரர்கள் எல்லாம் திணறிய வருஷம் அது. எங்கள் முதலாளி காரை விற்றார், பிறகு வீட்டையும் விற்றார். வாடகை வீட்டுக்குப் போகுமுன், கன்றுக்குட்டி உயரத்தில் இருந்த தம் கிரேட் டேன் நாயைப் பிடித்துக்கொண்டு அவரே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"போற ஊட்ல நாய் வெச்சுக்கக் கூடாதுங்கறாங்க மாஸ்டர். உங்களைத் தவிர யாரையும் நம்பிக் குடுக்க மனசு வர்லீங்க."

அதற்கு எந்த ஷாம்பு, எப்படிப்பட்ட படுக்கை, இடி இடித்தால் எப்படி நடுங்கும் என்றெல்லாம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். "நாம படுக்கதுக்கே எடத்தக் காணோம், இவன எங்க படுக்கப் போடப் போறிய?" என்றாள். விடை அன்றைக்கே தெரிந்துவிட்டது. பாயில் ப்ரூனோ படுத்தது. நாங்கள் நாலு பேரும் அதைச் சுற்றிக் கிடைத்த இடத்தில் படுத்தோம். வாலை ஆட்டினால் டம்ளர்கள் உருளும். தன் உடம்பு இவ்வளவு பெரிசு என்பதே அந்தப் பிராணிக்குத் தெரியாது. அம்மாவின் மடியில் உட்காரப் பார்க்கும். திட்டிக்கொண்டே அவளும் இடம் கொடுப்பாள்.

சாப்பாடுதான் எங்களால் முடியவில்லை. கம்பெனியில் பாதி நாள் வேலை இல்லை. அப்பா கறிக்கடையில் கோழிக் கழிவு வாங்கி வந்து ரேஷன் அரிசியோடு வேகவைப்பார். அப்படியும் ப்ரூனோவின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் "வயிறு நெறையச் சாப்பிடணும்" என்று வற்புறுத்துகிறவர் அவர். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் விளையாட்டாக, "மாஸ்டர், நாய்க்கும் விரதமா?" என்று கேட்டார். அப்பா சிரித்து வைத்தார். அன்று தன் தட்டை அப்படியே குண்டாவில் கவிழ்த்துவிட்டார்.

தீபாவளி வந்தது. லைன் வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. போனஸ் வாங்கிய கையோடு எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ப்ரூனோவை எந்த பஸ்ஸில் ஏற்றுவது? நாங்கள் மட்டும் தங்கினோம். அது பயப்படும் என்று வெடிகூட வாங்கவில்லை. அப்பா கறியும் எலும்பும் வாங்கி வந்து, சோற்றில் பிசைந்து, குண்டா நிறையப் போட்டார். தீர்ந்ததும் மறுபடி நிறைத்தார்.

"தின்னுல ராசா. இன்னைக்கு ஒரு நாளாவது வயிறு நெறையத் தின்னு."

அது தின்னத் தின்ன, அப்பாவின் முகத்தில் பல மாதத்துப் பாரம் இறங்குவதைப் பார்த்தேன். பிறகு நானும் தம்பியும் கதவைத் திறந்துவிட்டோம். ஆளில்லாத தெருவில் அது குதிரை மாதிரி ஓடியது. அது நிற்கப் பார்த்தபோதெல்லாம் நான்தான் கைதட்டி மறுபடி ஓடவிட்டேன்.

பொழுது சாய்வதற்குள் அதன் வயிறு கல்லாக இறுகிவிட்டது. வாந்தி எடுக்க முயன்றது, நுரைதான் வந்தது. கம்பெனி வாசலில் கிடந்த, துணி ரோல் தள்ளும் வண்டியில் அதைப் படுக்கவைத்து மாட்டாஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பண்டிகைக்குப் பூட்டியிருந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால், அப்பாவின் தொடையில் தலை வைத்தபடி ப்ரூனோ செத்துப்போனது.

மறுநாள் ப்ரூனோவைப் பார்க்க முதலாளி வந்தார். நடந்ததைக் கேட்டதும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எல்லாஞ் சொன்னேன், இத மட்டும் சொல்லாம உட்டுட்டேனுங்க மாஸ்டர். இத்தாப் பெரிய நாய்க்கு வயித்த நெறைக்கக் கூடாதுங்க. கொஞ்சங் கொஞ்சமாத்தான் வெக்கோணும். தின்னதும் ஓட உடக் கூடாது. உட்டா வயிறு முறுக்கிக்குமுங்க."

 "அப்போ பட்டினியாவே விட்டிருந்தா உசுரோட இருந்திருக்கும், என்னங்க?" என்று அப்பா கேட்டார்.  அப்பா திரும்பினார். கதவுக்குப் பின்னால் நான் நிற்பதைக் கண்டார்.

சாயங்காலம் அம்மா கேட்டதற்கு, "சோறு அதிகமாப் போச்சாம். நாந்தான் போட்டுக் கொன்னுட்டேன்" என்றார். ஓடியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்காகத்தான் விட்டுவிட்டார் என்று அப்போதே புரிந்தது. புரிந்தும் சும்மா இருந்தேன். தம்பிக்கு இன்றுவரை தெரியாது. அதன்பிறகு அப்பா யாரையும் வயிறு நிறையச் சாப்பிடச் சொன்னதில்லை. என் கல்யாணப் பந்தியில்கூட, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு நகர்ந்தார். அந்தப் பேச்சை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது நான்தான் என்று ஒவ்வொரு பந்தியிலும் குறுகிப்போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். என் மகள் கடைசி வாயை விழுங்கியதும் எழுந்து ஓடத் தொடங்கினாள்.

"ஏட்டி, ஓடாத. செத்த நேரம் உக்காரு," என்றார் அப்பா.

சொன்ன பிறகுதான் நான் எதிரே இருப்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து, செம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் குண்டாவில் ஊற்றப் போனார்.