பூ வைக்காத மாடுகள்

தெருவோரத்தில் நின்றவர்கள் நாலு பேர்: அம்மா, அக்கா, அத்தான், நான். அப்பா இல்லை. அவரை ஒக்லண்டில் எரித்துப் பத்து மாதம். அன்றைக்கு அக்காவால் வர முடியவில்லை. ஜெர்மனியில் அவளுடைய பாஸ்போட் புதுப்பிக்கக் கொடுபட்டிருந்தது. அம்மா அதை மன்னிக்கவில்லை. இருவரையும் கதைக்க வைக்கத்தான் மூன்று வார லீவு எடுத்து, ஒக்லண்ட் பாபகூராவிலிருந்து அம்மாவை ஜெர்மனியின் இந்த அல்கொய் மலையடிக்குக் கூட்டிவந்திருந்தேன். லீவில் நாலு நாள் மிச்சம். அம்மா இன்னும் அத்தானுக்கூடாகத்தான் அக்காவிடம் தேத்தண்ணி கேட்கிறார்.

மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் நான். ஒக்லண்டில் மலை என்றால் புல் மூடிய எரிமலைக் குன்றுகள். வேலை முடிந்த சப்பாத்தோடேயே ஏறி இறங்கிவிடலாம். இங்கே செப்டெம்பரிலேயே உச்சியில் பனி. சாம்பல் பாறை அக்கா வீட்டு ஜன்னலை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் எனக்கு மூச்சு முட்டியது.

கோடை முழுக்க மேலே மேய்ந்த மாடுகள் அன்று ஊருக்கு இறங்கும் நாள். ஃபீஷைட் என்கிறார்கள். முன்னால் வரும் மாட்டுக்குப் பூமுடி வைப்பார்கள் என்று வாசித்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். எதையும் வாசிக்காமல் போகமாட்டேன். பட்டிப்பொங்கல் நினைப்பில் செவ்வந்தி மாலை ஒன்றும் கட்டிக்கொண்டு போனேன்.

"ஆண்டுத்திவசம் முடியேல்லை, கொண்டாட்டம் கேக்குது," என்று அம்மா காற்றைப் பார்த்துச் சொன்னார்.

மணிச்சத்தத்தோடு மாடுகள் வந்தன. ஒன்றின் தலையிலும் பூ இல்லை. மறந்துவிட்டார்களாக்கும் என்று முன்மாட்டின் கழுத்துக்கு மாலையை நீட்டினேன். "நைன்!" என்று பண்ணைக்காரி கையைக் குறுக்கே போட்டார். அக்கா பால் கறக்கப் போவது இவருடைய பண்ணைக்குத்தான். மாடு முட்டும் என்று தடுக்கிறார் என நினைத்து, "நோ ப்ராப்ளம்," என்று சிரித்தேன்.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடடா. மேல ஒரு மாடு பள்ளத்தில விழுந்து செத்துப்போச்சு. செத்தால் அந்த வருசம் பூ வைக்கமாட்டினம். எல்லாம் வாசிச்சனான் எண்டாய், அந்தப் பக்கத்தைப் பிரட்டேல்லையோ?"

அம்மா திரும்பினார். பத்து மாதத்தில் முதன்முறையாக அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசினார். "மாட்டுக்கே துக்கம் காக்கிற ஊரில இருந்துகொண்டு, பெத்த தேப்பனுக்கு வரேல்லை நீ."

பண்ணைக்காரிக்குச் சொல் விளங்கவில்லை, முகங்கள் விளங்கின. அத்தானிடம் நீளமாக ஏதோ சொன்னார். "இஞ்சேருங்கோ, அதைச் சொல்ல வேண்டாம்," என்றாள் அக்கா.

அத்தான் சொன்னார். "மாமி, எனக்கும் இப்பத்தான் தெரியும். மாமா போன அண்டைக்கு இவ இவையின்ர மாட்டுக்கொட்டிலுக்குள்ள இருந்து ஒப்பாரி வைச்சவவாம். ஃபிளாட்டில கத்தி அழுதால் பொலிஸ் வந்திடும் எண்டு பயமாம். அண்டைக்கு மாடுகள் ஒழுங்காப் பாலும் தரேல்லையாம்."

கடைசி மாடும் கடந்துபோனது. பிறகு அம்மா கேட்டார்: "என்ன சொல்லி அழுதனி?"

அம்மா அக்காவின் கையைப் பிடித்தார். "வீட்டை வா. இருந்து சொல்லு."

நாலாம் நாள் நான் தனியே பறந்தேன். திவசத்தை அக்கா வீட்டில்தான் செய்வேன் என்று அம்மா நின்றுவிட்டார். எனக்கு இனி லீவு இல்லை. ஒக்லண்டில், எல்லர்ஸ்லி அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் போனை எடுக்கிறேன். அங்கே விடிந்திருக்காது என்று வைத்துவிடுகிறேன். அப்பாவின் படம் பாபகூராவில் என்னோடு. அவருக்காக அழுகிறவர்கள் அந்தப் பாறையின் அடியில். அம்மாவின் டிக்கெட்டை மாற்றியதற்கு அறுநூற்று நாற்பது டொலர்.