திங்கட்கிழமை இடி

மூன்றாம் வகுப்போடு நின்று, தறி நெய்து, திருத்தணியில் சொந்த நூல்கடை வைத்தவர் வேதாசலம். சென்னை வானிலை ஆபீஸ் கேட்டுக்கொண்டபடி, அவர்களுடைய ராடார் கருவியில் தெரியும் இடிமேகத்தைச் சரிபார்க்க, இடி இடித்த நாளையும் மணியையும் இரண்டு வருஷம் நோட்டில் எழுதினார். “நம்மளைக் கேட்டுதான் இடிக்குது,” என்று ஊரெல்லாம் பெருமை பேசினார்.

1958 ஐப்பசியில் அந்த ஆபீஸ் அதிகாரி வந்து நோட்டைப் புரட்டினார்.

“இந்த இடி ராடார்ல செவ்வாய் விடியற்காலை மூணு மணி. நீங்க திங்கள்னு போட்டிருக்கீங்களே?”

“பொழுது விடியறவரைக்கும் திங்கள்தானே சார்?”

“அப்போ வெறும் மூணு மணின்னு போட்டிருக்கற மத்ததெல்லாம் பகலா, விடியக்காலையா?”

வேதாசலத்துக்கு நினைவில்லை. “இது உதவாதுங்க,” என்று அதிகாரி நோட்டைத் திருப்பித் தந்தார்.

அன்று மாலை மலைக்குப் பின்னால் இடித்தது.

“மணி பாத்துக்கினு எழுதலையா நைனா?” என்றாள் மகள் வரலட்சுமி.

“அவங்க மிஷினு பாத்துக்கும்,” என்றவர் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.