தாழ்ப்பாள் இல்லாத குளியலறை

குளியலறையில் 'ணங்'கென்று ஏதோ விழுந்தது. என்னிடம் பேசிக்கொண்டிருந்த சிஸ்டர், பாதி வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

"சொம்புதான் விழுந்துச்சுக்கா! நான் விழல!" உள்ளிருந்து அவருடைய தங்கையின் குரல்.

"பாட்டை ஏன்டி நிறுத்தின? பாடு!"

அந்தக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. கழற்றிய இடத்தில் திருகாணித் துளைகள் மட்டும். தங்கைக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு. வேலை கிடைத்துத் தனியாக அறை எடுத்துப் போய்விட்டாள். ஆனாலும் அக்கா வீட்டுக்கு வந்தால் பாடிக்கொண்டேதான் குளிக்க வேண்டும்.

சிஸ்டர் என் பக்கத்து வீட்டுக்காரர். நரம்பியல் வார்டில் செவிலியர். வார்டில் அவரைப் பார்த்தால் வேறு ஆள் என்று சத்தியம் செய்வீர்கள். வலிப்பு வந்தவரின் வாயில் கரண்டியைத் திணிக்க வரும் உறவினரிடம், "வாயில எதையும் வைக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்கட்டும்" என்பார், குரல் உயராமல். வலிப்பை அடக்கும் ஃபெனிடாயின் ஊசியை ரத்தக்குழாயில் ஏற்றும்போது கண் மானிட்டரிலேயே இருக்கும். "வேகமா ஏத்தினா வலிப்போட சேர்ந்து இதயமும் நின்னுரும்." அந்த நிதானத்தையெல்லாம் சீருடையோடு அங்கேயே மாட்டிவிட்டு வருகிறார் போலும். வீட்டில் அவர் ஒரு நாற்காலியில் முழுதாய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

தங்கை தலை துவட்டியபடி வந்தாள். அங்கே நலம் விசாரிப்பதே வேறு மாதிரி. "ஈ காட்டு." மாத்திரையால் ஈறு வீங்கியிருக்கிறதா என்று ஒரு பார்வை. அடுத்து, முகத்துக்கு நேரே விரல் இடமும் வலமும் போகும். மாத்திரை ஒழுங்காய்ப் போட்டால், விரல் ஓரத்துக்குப் போகும்போது அந்த மருந்தின் விளைவாய்த் தங்கையின் கண்கள் லேசாய் நடுங்கும்.

இன்று நடுங்கவில்லை. விரல் மறுபடி போனது. அந்தரத்தில் நின்றது.

"கண்ணு ரொம்பத் தெளிவா இருக்கே. மாத்திரைய நிறுத்திட்டியா?"

"கொறைச்சேன். மத்தியானமே கண்ணு சொக்குதுக்கா. ஆபீஸ்ல தூங்குமூஞ்சின்னே பேரு வச்சுட்டாங்க."

"திடீர்னு கொறைச்சா வலிப்பு விடாம வரும்டி! டாக்டர்கிட்ட சொன்னா வேற மருந்துக்குக் கொஞ்சங் கொஞ்சமா மாத்துவாரு. ரூமக் காலி பண்ணிட்டு வா. இனிமே இங்கதான்."

தங்கையின் கண்கள் நிறைந்தன. "இதுக்குப் பயந்துதான் சொல்லல."

சிஸ்டர் கன்னத்தில் அறை வாங்கியவர்போல் நின்றார். பிறகு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"இப்பவே வரச் சொல்றாரு. கெளம்பு."

"நானே போறேன்கா. கிளினிக் தெருக்கோடியிலதானே."

சிஸ்டர் அதற்குள் ஒரு செருப்பை மாட்டியிருந்தார். வெகுநேரம் அதையே பார்த்தார். கழற்றினார். அறையைப் பற்றி மறுபடி பேசவில்லை.

"ஓரமாப் போ."

தங்கை வெளியேறினாள். கதவு சாத்திக்கொண்டது. படிக்கட்டில் அவளது பாட்டு, வேண்டுமென்றே உரக்க, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனது. சாத்திய கதவில் காதை ஒட்டவைத்து, மூச்சைப் பிடித்தபடி நின்றார் சிஸ்டர்.