ஊதலண்ணன் மாட்டிய கண்ணாடி

நான் கூட்டிப் பெருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், கண்ணாடி வில்லைகளைச் சட்டத்தில் மாட்டுகிறவரை எல்லாரும் ஊதலண்ணன் என்போம். ஒவ்வொரு வில்லையையும் வாயருகே கொண்டுபோய் ஊதி ஊதித் துடைப்பார். பதினெட்டு வருடமாக அந்த ஜன்னலோர மேசைதான். பார்சல் கொண்டுவருகிறவருக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் கையெழுத்து. மற்றபடி அதிர்ந்து பேசாத மனிதர். அவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அன்று மதியம் ஒரு பெண் வந்தாள். பஸ் ஓட்டுகிற வேலை கிடைக்கும் நிலையில் இருந்தாள். மூன்று மணிக்கு டிப்போவில் கண் பரிசோதனை. அதில் தேறினால்தான் வேலை. "சீக்கிரம்ணே, சீக்கிரம்ணே" என்று காலில் வெந்நீர் கொட்டியதுபோல் நின்றாள். ஊதலண்ணன் மாட்டிக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "என்னமோ மிதக்குற மாதிரி இருக்கே" என்றாள்.

முதலாளி சிரித்தார். "புதுக் கண்ணாடி, புது மாப்பிள்ளை மாதிரிம்மா. பழக ரெண்டு நாளாகும்."

அவளும் சிரித்துக்கொண்டே ஓடினாள்.

அடுத்த சட்டத்தை மேசையில் வைத்த ஊதலண்ணன் அப்படியே நின்றுவிட்டார். காதில் மாட்டும் கம்பிகள் தன் பக்கம் இருக்கும்படிதான் எப்போதும் வைப்பார். அப்போதுதான் போடுகிறவரின் வலது அவருக்கும் வலது. அந்தப் பெண்ணின் சட்டத்தில் ஒரு கம்பி ஆடியதால் திருப்பி வைத்து முடுக்கியிருக்கிறார். அந்த வாக்கிலேயே வில்லைகளையும் இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டார். வட்டச் சட்டம் வேறு. இடம் மாறினாலும் கச்சிதமாக உட்கார்ந்துவிடும்.

"வாயை மூடிக்கிட்டு இருய்யா. திரும்பி வந்தா மாத்திக் குடுத்துக்கலாம்" என்றார், அவர் சொன்னதைக் கேட்ட முதலாளி.

"அதுக்குள்ள அவங்க வேலை போயிடுமே."

"கடைப் பேரு கெட்டுதுன்னா நாளைக்கு நீ வர வேணாம்."

"சரிங்க" என்று திருப்புளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டிப்போவுக்குக் குறுக்குச் சந்து எனக்குத்தான் தெரியும். துடைப்பத்தைப் போட்டுவிட்டு நானும் ஓடினேன்.

நாங்கள் போனபோது அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள். தேறவில்லை என்று சொல்லியாகிவிட்டது. ஊதலண்ணன் நேரே கண்ணைச் சோதித்த டாக்டரிடம் போனார்.

"ஐயா, குறை அவங்க கண்ணுல இல்ல. என் கையில."

"தோத்தவங்க எல்லாம் கடைக்காரரைக் கூட்டிட்டு வந்தா நான் என்னைக்கு வீட்டுக்குப் போறது?"

"எழுதியே குடுத்துடறேன்யா."

கடையின் பேரை விட்டுவிட்டு, தன் பேரை மட்டும் போட்டு, தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தார். டாக்டர் பத்து நிமிடம் தந்தார். ஊதலண்ணன் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து, ஊசிமுனை அளவுத் திருகாணிகளைக் கழற்றி, வில்லைகளை மாற்றி மாட்டினார். ஊதித் துடைத்து அவளிடம் நீட்டினார்.

மறுபடி சோதித்தபோது அவள் கடைசி வரிவரை வாசித்தாள். "எழுத்தெல்லாம் நிக்குதுண்ணே!" என்றவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

டாக்டர் அந்தக் காகிதத்தை நீட்டினார். "வேலைதான் முடிஞ்சுதே. இதைக் கிழிச்சுப் போட்டுடுங்க, உங்களுக்கு எதுக்கு வம்பு?"

"இருக்கட்டும்யா. நடந்தது நடந்ததுதானே. முதல் தடவை அவங்க ஏன் தேறலைன்னு நாளைக்கு யாராவது கேட்டா, அது பதில் சொல்லும்."

கோயிலில் எத்தனையோ முறை கைகூப்பியிருக்கிறேன். அந்த டிப்போவில், டீசல் வாடைக்கு நடுவில், நான் கூப்பாமலே என் கைகள் கூடின. அவர் அதைப் பார்க்கவில்லை. நடந்ததை முதலாளியிடம் சொல்லக் கடைக்கு நடக்கத் தொடங்கியிருந்தார்.