நின்றே பெயரெடுத்த பொன்மணி

கஷ்டப்பட்டவர்களுக்குத்தான் அடுத்தவர் கஷ்டம் தெரியும் என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்களே, அவர்களில் ஒருவராவது தி. நகர் செண்பகவடிவு சில்க்ஸின் இரண்டாம் மாடிக்கு வந்து பொன்மணியைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டு, ஒரு சுங்கடிச் சேலையை வாங்கிக்கொண்டு படியிறங்கியிருப்பார்கள்.

பொன்மணி அந்த மாடியின் சூப்பர்வைசர். வயது ஐம்பது. அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து இருபத்து நான்கு வயதில் சேலை மடித்துப்போட வந்தவள். வெள்ளம் வந்த பிறகு குடிசையைப் பிடுங்கிவிட்டு, அவளைப் பெரும்பாக்கத்தில் ஏழாம் மாடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறாள். பஸ்ஸில் இடம் காலியானாலும் உட்காருவதில்லை. கேட்டால், "நமக்கு நின்னு பயக்கம்" என்பாள். உட்கார்ந்தால் முட்டி மடங்காது, மடங்கினால் நிமிராது என்பதுதான் நிஜம். கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. அதை முழங்கால்வரை சாக்ஸ் போட்டு மறைத்து, அதன்மேல் சேலையைத் தழையக் கட்டி, ஏதோ பரம்பரை நகையைப் பூட்டி வைத்ததுபோலப் பாதுகாத்து வந்தாள்.

காலையில் தண்ணீர் குடிக்கமாட்டாள். குடித்தால் போக வேண்டும், போனால் கவுண்டரை விட வேண்டும். இதையும் ஒரு சாமர்த்தியமாகப் புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அந்தப் பிள்ளைகளும் பயந்துகொண்டு தலையாட்டும்.

அவளை இப்படி ஆக்கியவள் சுலோச்சனா என்றொரு பழைய சூப்பர்வைசர். ஒரு தீபாவளிக் கூட்டத்தில், காலையிலிருந்து நின்ற பொன்மணி சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் ஐந்து நிமிஷம் குந்திவிட்டாள். சுலோச்சனா வந்து, வாடிக்கையாளர்கள் பார்க்கப் பார்க்க, பின்னலைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். அன்றைக்கு பாத்ரூமில் நின்றுகொண்டு பொன்மணி அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. "நான் மட்டும் அந்த எடத்துக்கு வந்தேன்னா ஒரு பொண்ணையும் இப்டி பண்ணமாட்டேன்" என்று மந்தைவெளி மாரியம்மன்மேல் சத்தியம் செய்தாள்.

அந்த இடத்துக்கு வந்தாள். சத்தியம் எங்கே போயிற்று என்று மாரியம்மன்தான் தேட வேண்டும். பின்னலைப் பிடித்து இழுக்கவில்லை, அதுவரைக்கும் நல்லது. நாக்கு போதுமே, பின்னல் எதற்கு?

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தது. கடை முதலாளி சுப்புராயன், எல்லோருக்கும் அண்ணாச்சி, மாடிக்குப் பன்னிரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டார். சட்டத்தின்மேல் பயம்தானே தவிர, பெண்களின் கால்மேல் இரக்கம் ஒன்றும் இல்லை. வந்த அன்றே பொன்மணி அவற்றைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் குடோனில் அடுக்கினாள். அதிகாரி வந்தால் கீழே வாட்ச்மேன் போன் செய்வார், இரண்டு நிமிஷத்தில் ஸ்டூல்கள் மாடிக்கு வந்துவிடும். இந்த ஏற்பாட்டைக் கண்டு அண்ணாச்சிக்கு ஏக சந்தோஷம். இப்படி ஒருத்தி கிடைத்தால் எந்த முதலாளிக்குத்தான் கசக்கும்?

சந்தோஷத்தில் அவர் ஒரு வார்த்தை விட்டுவைத்திருந்தார். மாடி மூலையில் கண்ணாடி அறை, ஏசி, கறுப்பு நிறத்தில் ஒரு சுழல் நாற்காலி. மேனேஜர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி உனக்குத்தான் என்று. மூன்று வருஷமாகப் பொன்மணி அதற்காகத்தான் நின்றாள். கடை திறக்குமுன் யாரும் இல்லாத நேரத்தில் அதன் முதுகைத் துணியால் துடைப்பாள், கையால் ஒரு சுற்று சுற்றிவிடுவாள், உட்காரமாட்டாள். பிளாஸ்டிக் ஸ்டூலில் பெண்கள் குந்தினால் உலகம் அழிந்துவிடும் என்றவள், ராப்பகலாகக் கனவு கண்டது ஒரு நாற்காலியை! வாய் என்று ஒன்று இருந்தால் அந்த நாற்காலியே அவளைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

மேனேஜர் ஓய்வு பெற ஒரு வாரம் இருந்தது. ஆடித் தள்ளுபடி நேரம். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து கடை ஹாஸ்டலில் தங்கியிருந்த ஜெயபாரதி, கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு கெஞ்சினாள்.

"காலு கடுக்குக்கா. அஞ்சு நிமிசம் இருந்துக்கிடட்டுமா?"

"இன்னாடி, வந்து ஆறு மாசம் ஆவல, அதுக்குள்ள காலு கடுக்குதா? உன் வயசுல நான் ஜொரத்தோட நின்னுக்கினு இருந்தேன். சும்மா சீன் போடாத, அந்தக் கட்ட மடி."

ஜெயபாரதி மடித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் மடித்தாள். பொன்மணிக்கு அது நன்றாகவே கேட்டது. இருபது வருஷத்துக்கு முன் பாத்ரூமில் கேட்ட அதே சத்தம்தான். கேட்டும் திரும்பவில்லை.

அப்போதுதான் வாட்ச்மேனின் போன் வந்தது. தொழிலாளர் துறை அதிகாரி தஹ்சீன் மேடம் வந்துகொண்டிருக்கிறார். குடோன் திறந்தது, ஸ்டூல்கள் ஓடி வந்தன. அவர் மேலே ஏறி வரும்போது பன்னிரண்டு பெண்களும் ஸ்டூலில், பிளாஸ்டிக் உறை சரசரக்க, பரீட்சை எழுதப்போகிறவர்களைப் போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் அண்ணாச்சி, முகம் நிறையச் சிரிப்பு.

"தினமும் உக்கார விடறாங்களாம்மா?" என்று அதிகாரி ஜெயபாரதியைக் கேட்டார். அவள் பொன்மணியைப் பார்த்துவிட்டு, "ஆமா மேடம்" என்றாள். அதிகாரி உறையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பொன்மணியிடம் திரும்பி, மரியாதையாகவே கேட்டார்.

"நீங்க ரொம்ப வருஷமா இருக்கீங்களோ? உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

அவ்வளவுதான். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. புருஷன் கேட்டதில்லை, பிள்ளை கேட்டதில்லை, அண்ணாச்சி கேட்பாரா? பொன்மணிக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. தன் பெருமையைக் கேட்க ஒரு படித்த அம்மா வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

"கஸ்டமா? இருவத்தாறு வருசம் மேடம், ஒரு நாளு குந்துனது கெடையாது. காலு வீங்கி செருப்பு போடமுடியாம நின்னுக்கீறேன். இந்தப் பொண்ணுங்களையும் அப்டித்தான் வளக்கறேன். ஸ்டூலு குடுத்தா சோம்பேறியா பூடுவாளுங்கன்னு நான்தான் எல்லாத்தையும் குடோன்ல போட்டு வெச்சிக்கீறேன்."

அண்ணாச்சி இருமினார். இரண்டு முறை இருமினார். அதிகாரி பேனாவை எடுத்தார்.

நோட்டீஸ் வந்தது. உறைகள் பிரிக்கப்பட்டன. பெண்கள் உட்கார்ந்தார்கள். முதல் நாள் ஜெயபாரதி உட்கார்ந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள். அவளை யாரும் எழுப்பவில்லை.

"சோலிய முடிச்சிட்டியேம்மா" என்றார் அண்ணாச்சி. திட்டவில்லை. திட்டுவதற்குக்கூட ஒரு மதிப்பு வேண்டுமே. கண்ணாடி அறைக்கு அவருடைய தங்கை மகன் ஹரி வந்தான். படிப்பு முடித்த கையோடு வந்தவன், ஒரு நாள்கூட நிற்காமல் நேரே போய்ச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

பொன்மணியை வாசலில் பை வாங்கி டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு ஸ்டூல். இனி எந்த அதிகாரி உள்ளே நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்பளையாக இருக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் கணக்கு. வாடிக்கையாளரைக் கண்டதும் அவள் கால் தானாக எழும். உடனே மாடியிலிருந்து கேமராவில் பார்த்துவிட்டு ஹரி போன் செய்வான்: "அக்கா, உக்காருங்க." உட்காருவாள். முட்டி உயிர் போகும். மறுபடி எழுவாள். மறுபடி போன்.

இப்படி ஒரு வாரம் போனது. இனியாவது இந்தப் பெண்மணிக்கு ஏதாவது உறைத்திருக்கும் என்று நினைப்பவர்கள் நல்லவர்கள், நீடூழி வாழட்டும்.

எட்டாம் நாள், வாசலில் சந்தனம் கொடுக்கும் புதுப் பெண் அனுப்ரியா, மத்தியானக் களைப்பில் சுவரில் முதுகைச் சாய்த்து ஒரு காலை மாற்றி வைத்தாள். பொன்மணி அவளைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள். தன் ஸ்டூலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே அதட்டினாள்.

"இன்னாடி சாஞ்சிக்கினு கீற? நேரா நில்லு."