கன்றுத்தோலா, ஆட்டுத்தோலா?

சென்ற மாதம் புதுக் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆம்பூர் பஜாரில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தேன். நடந்தேன் என்பது அடக்கத்துக்காகச் சொல்வது. உலா வந்தேன்.

வழியில் நாலு பேர் நிறுத்தினார்கள். தொட்டுப் பார்த்தார்கள், மடக்கிப் பார்த்தார்கள், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார்கள். எதை? காமிராவை அல்ல... அதன் தோல் உறையை! உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவராவது கேட்க வேண்டுமே? தோல் ஊரில் குடியிருந்தால் இதுதான் கதி. இங்கே மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தால்கூட முதலில் செருப்பைத்தான் பார்க்கிறார்கள்.

ஆகவே உள்ளே இருப்பதைப் பற்றி நானே சொல்லிக்கொள்கிறேன்.

தோல் வியாபாரிகளுக்காக லண்டனுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். அந்த வகையில் பழக்கமான ஒரு ஜெர்மன் ஏஜெண்ட், ஊருக்குக் கப்பல் ஏறும்போது தன் காமிராவை என்னிடம் விற்றுவிட்டுப் போனார். என்ன விலை? கேட்காதீர்கள். என் மனைவி கமலமும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறாள்.

நீங்கள் நினைக்கிற காமிரா இல்லை இது. முக்காலி கிடையாது. தலையை நுழைத்துக்கொள்ளக் கறுப்புத் துணி கிடையாது. கையில் அடங்கிவிடும். சினிமா பிடிக்கிற அதே ஃபிலிமில் ஒரு துண்டை உள்ளே சுருட்டி வைத்தால் போதும், ஒரு கல்யாணத்தையே எடுத்துவிடலாம். லென்ஸ் ஒரு சின்னக் குழாய். வேலை இல்லாதபோது ஆமைத் தலை மாதிரி உள்ளே போய்விடும். படம் எடுக்கும்போது அதை வெளியே இழுத்து, திருகிப் பூட்ட வேண்டும். இந்த விஷயத்தைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மேலே ஒரு குட்டி ஜன்னல். அதில் கண்ணை வைத்தால் எதிரே நிற்கிற ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸை மெல்லத் திருப்பினால் இரண்டு உருவமும் நகர்ந்து வந்து ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். உட்கார்ந்ததா? தூரம் சரி. அமுக்கலாம். சத்தமா? பல்லி சொல்வதுகூட இதைவிடப் பலமாகக் கேட்கும்.

முதல் நாள் கமலத்தின் மூக்குத்தியை இரண்டாகப் பார்த்து ஒன்றாக்கினேன். அவ்வளவுதான், விழுந்துவிட்டேன்! சாப்பிடும்போது பக்கத்தில் காமிரா. தூங்கும்போது தலைமாட்டில் காமிரா.

"அதுக்கும் ஒரு தலைகாணி போட்டுடட்டுமா?" என்று கேட்டாள் கமலம்.

காதல் வந்தவன் சும்மா இருப்பானா? கூப்பிடாத இடத்தில் போய்த் தலையைக் கொடுப்பான். கொடுத்தேன்.

எனக்குக் கடித வேலை கொடுக்கிறவர்களில் காதர் பாயும் ஒருவர். அவரும் அவர் தம்பி ரஹீமும் சேர்ந்து நடத்திய தோல் பதனிடும் டேனரி, அப்பா காலத்துச் சொத்து. இரண்டு பேருக்கும் ஆகவில்லை. எதனால் என்று கேட்டால் அண்ணன் ஒரு காரணம் சொல்வார், தம்பி வேறொரு காரணம் சொல்வார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, வக்கீல் நோட்டீஸ் மூலமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பாகம் பிரிந்தது. டேனரி அண்ணனுக்கு, ரொக்கம் தம்பிக்கு. தம்பி மெட்ராஸில் பெரியமேட்டுப் பக்கம் தனிக்கடை போடக் குடும்பத்தோடு கிளம்புவதாக ஏற்பாடு.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கடிதம் எழுத என்னை வரச் சொல்லியிருந்த காதர் பாய், எழுதி முடித்ததும் சொன்னார்:

"சார், கோர்ட்டு வேற, ரத்தம் வேற. அவன் ஞாயித்துக்கெழமை போய்ட்றான். அப்பறம் கல்யாணம், மவுத்துன்னாதான் பாக்கறது. அதுக்கும் வருவானோ மாட்டானோ... போறதுக்கு மின்னாடி எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து ஒரு போட்டோ எடுத்துடணும். வேலூர் ஸ்டூடியோக்காரருக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன்."

நான் 'நல்ல காரியம்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போனேனா?

"ஸ்டூடியோ எதுக்கு பாய்? நான் எடுக்கறேன்!" என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். முற்றத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பெண்கள் மூங்கில் தட்டிக்கு அப்பால். ஆண்களும் பிள்ளைகளும் துருக்கித் தொப்பியும் புதுச் சட்டையுமாகத் தயார். இந்தக் கோடியில் அண்ணன், அந்தக் கோடியில் தம்பி. நடுவில் இரண்டு பேரின் பிள்ளைகளும் கலந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாளைக்குப் பிரியப்போகிறோம் என்பது அவர்கள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

நான் உறையைக் கழற்றிக் காதர் பாயின் கையில் கொடுத்துவிட்டு, லென்ஸை இழுத்துப் பூட்டினேன். வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க சார் காமிரா?" என்றார் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவர்.

"இதுதான்."

"ஓ..." என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். உண்மையான காமிரா பின்னால் ஜட்காவில் வரும் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

காதர் பாய் என்ன செய்துகொண்டிருந்தார்? வேறென்ன! உறையை மடக்கினார், கட்டைவிரலால் அழுத்தினார், முகர்ந்தார்.

"கன்னுக்குட்டித் தோலு. நம்ம பக்கத்துலேர்ந்து போன சரக்குதான் சுத்தினு திரும்பி வந்துகுது" என்று பொதுவாக அறிவித்தார்.

அந்தக் கோடியிலிருந்து, யாரையும் பார்க்காமல், ஒரு குரல்:

"ஆட்டுத்தோலப் புடிச்சிகினு கன்னுக்குட்டின்றாங்க."

முற்றத்தில் இருந்த தொப்பியெல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. வக்கீல் இல்லாமல் தம்பி பேசிப் பல மாதம் ஆகிறதல்லவா?

"இன்னாடா சொன்னே?" என்றார் காதர் பாய்.

"ஆட்டுத்தோலுன்னேன்."

"நீ பொறக்கறதுக்கு மின்னாடிலேர்ந்து தோல் பாக்கறேன்டா நான்."

"அதான் கண்ணு போய்டுச்சி. இப்டிக் குடுண்ணே." தம்பி எழுந்தே வந்துவிட்டார். "மயிர்க்கால் பாரு. கொத்துக் கொத்தா வரிசையில இல்ல கீது? கன்னுக்குட்டின்னா பரவலா இருக்கும். இது கூடவா தெரியல?"

"எங்க? காட்டு!"

காதர் பாய் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். தம்பி நகத்தால் சுட்டிக் காட்டிக்கொண்டே குனிந்தார். இரண்டு தொப்பியும் இடித்துக்கொண்டன. ஜன்னலில் கண்ணை வைத்தேன். திருப்பினேன், அமுக்கினேன். பரீட்சைக்காக எடுத்த ஒரு படம், அவ்வளவுதான். யாருக்கும் சத்தம் கேட்கவில்லை.

அதற்குள் பிரியாணி ஆறுகிறது என்று உள்ளேயிருந்து அழைப்பு. உறையைக் கேட்டு வாங்கினேன். லென்ஸ் வெளியே இருந்தால் உறை மூடாது. உள்ளே தள்ளி, மூடி, தோளில் மாட்டிக்கொண்டு பந்திக்குப் போனேன்.

சாப்பாட்டின் நடுவில் கணக்குப்பிள்ளை வந்து, வீட்டுப் பின்கட்டில் இருக்கும் தோல் ஊறவைக்கிற தொட்டி யார் பாகத்தில் வருகிறது என்று கேட்டுத் தொலைத்தார். மனுஷனுக்கு வேறு நேரமா கிடைக்கவில்லை? இரண்டு வாயும் மறுபடி மூடிக்கொண்டன.

அப்புறம் குடும்பப் படம். அண்ணன் இந்தக் கோடி, தம்பி அந்தக் கோடி. ஜன்னலில் எல்லாரும் பளிச்சென்று தெரிந்தார்கள். உட்கார வைத்து, நிற்க வைத்து, பிள்ளைகளை மடியில் வைத்து, ஃபிலிம் தீரும்வரை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ரஹீம் ரெயில் ஏறிப் போய்விட்டார்.

ஃபிலிமைக் கழுவ ஆம்பூரில் ஏது வசதி? மவுண்ட் ரோடு கடைக்குத் தபாலில் அனுப்பினேன். படங்கள் திரும்பி வந்த அன்று முதல் ஆளாகப் பார்த்தவள் கமலம்தான்.

"இது இன்னாங்க... பூசணித் தோட்டமா?"

பிடுங்கிப் பார்த்தேன். வரிசையாக வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். அடுத்த படமும் அப்படியே. அதற்கடுத்ததும்! காமிராக்காரர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். இந்தக் காமிராவில் நாம் பார்ப்பது ஜன்னல் வழியாக. படம் பிடிப்பது லென்ஸ். ஆமைத் தலை உள்ளேயே இருந்தாலும் ஜன்னலுக்குக் கவலையில்லை. சாப்பிட்டு வந்தவன் லென்ஸை வெளியே இழுக்க மறந்துவிட்டேன். முகங்களெல்லாம் கலங்கிப் பூசணிக்காயாகிவிட்டன. காதலுக்குக் கண்ணில்லை என்று சும்மாவா சொன்னார்கள்?

போனவரைத் திரும்ப வரவழைத்து உட்கார வைக்க முடியுமா? ஸ்டூடியோக்காரர் வந்திருந்தால் காதர் பாய்க்கு அவர் கேட்ட படம் கிடைத்திருக்கும். கெடுத்தவன் நான். தப்பித்தது ஒரே படம், அந்தப் பரீட்சைப் படம்.

பத்து வாக்கியம் தயார் செய்துகொண்டு டேனரிக்குப் போனேன். காதர் பாய் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் பத்தும் மறந்துவிட்டது. பூசணித் தோட்டத்தைக் கையில் கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல நான் எங்க சார்?"

"இந்த ஓரத்துல."

"ரஹீமு?"

"அந்த ஓரத்துல... பாய், தப்பு என்னுதுதான்."

அவர் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. மற்றப் படத்தை எடுத்து நீட்டினேன்.

இரண்டு தொப்பிகள், இரண்டு தலைகள், நடுவில் உறை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், படத்தில் ஏற்றியிருந்த மாதிரியே. கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். எவ்வளவு நேரம் பார்த்தாரோ... வெளியே தோல் பதனிட மரப்பட்டை இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு படத்தைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

"ஆமா சார். படத்துலயே தெரியுதே. கொத்துக் கொத்தாதான் கீது மயிர்க்கால். ஆட்டுத்தோலுதான். அவன் சொன்னதுதான் சரி."

"ரஹீமுக்கும் ஒரு காப்பி மெட்ராசுக்கு அனுப்பிடட்டுமா பாய்?"

"வாணாம்" என்று படத்தை மேல்துண்டில் சுற்றிக்கொண்டார். "நாளைக்கு வண்டிக்கு நானே போறேன். தப்பாச் சொன்னவன் நானு. நானில்ல போயி ஒத்துக்கணும்?"

மறுநாள் போயும் விட்டார். ஸ்டேஷனில் பார்த்ததாகச் சொன்னார்கள்.

என்னிடம் அதே படத்தில் இன்னொரு பிரதி இருந்தது. அன்று சாயங்காலம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டு முகமும் தெளிவு. நெற்றிக் கண்ணாடி தெளிவு. ரஹீமின் நகம்கூடத் தெளிவு. உறை மட்டும் இரண்டு தலைகளின் நிழலில் கறுப்பாகக் கிடந்தது — ஒரு மயிர்க்கால்கூடத் தெரியவில்லை.