எங்கே போகிறீர்கள் என்று கேட்கும் உத்தியோகம்

சுங்கக் கிளாக்கர் உத்தியோகம் என்பது, போகிறவர்களை நிறுத்திக் கேள்வி கேட்டு வயிறு வளர்ப்பது. படிவங்களோடு மாரடித்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். உரும்பிராய்ப் புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்த என்னை வல்வெட்டித்துறைக் கரைக்கு அனுப்பினார்கள். அங்கே வீட்டுக்கு ஒருவர் கப்பலில் இருந்தார்.

முதல் கேள்வி

கப்பலை நடத்துகிற தண்டையல் வேலாயுதர், வைரவருக்குப் பொங்கி, தேங்காய் உடைத்து, கப்பலுக்குக் கொண்டுபோகும் வள்ளத்தில் கால் வைத்தார். நான் படிவத்தோடு ஓடிப்போய், "எங்கை போறியள்?" என்றேன்.

புறப்படுகிறவரை அப்படிக் கேட்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். எங்கள் ஊரில் சந்தைக்குப் போகிறவனைக் கேட்டாலே ஏச்சு விழும். ஆனால் படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தது. காலியாக விட்டால் வேலை போய்விடும் என்று மேலதிகாரி எச்சரித்திருந்தார்.

தண்டையல் காலை எடுத்தார். வீட்டுக்குப் போய், செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த நல்ல நேரம் மூன்று நாள் கழித்துத்தான். மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் சொன்னார்: "நல்ல காத்துப் போகுது, நான் இருக்கிறன். உங்கடை கட்டத்திலை 'தண்டையல் வீட்டை போறார்' எண்டு எழுதுங்கோ ஐயா."

அன்னம்மாக்கா கேட்ட விதம்

மூன்றாம் நாள் மறுபடியும் தேங்காய், வள்ளம், படிவம். கேட்டால் கப்பல் நிற்கும். கேட்காவிட்டால் என் சம்பளம் நிற்கும். படிவத்தை நீட்டுவதும் பின்னால் இழுப்பதுமாக நின்றேன். அழுகையே வந்துவிட்டது.

தண்டையலின் மனைவி அன்னம்மாக்கா என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். "எங்கையிருந்து திரும்பி வருவியள்?" என்று கணவரைக் கேட்டார். "ரங்கூனிலையிருந்து" என்றார் அவர், முகம் மலர்ந்து. அவசரமாக எழுதிக்கொண்டேன். வள்ளம் போனபின் அக்கா சொன்னார்: "வாறதைக் கேளுங்கோ தம்பி. போறது தன்பாட்டிலை போகும்."

என் பயணம்

பிறகு நாலு வருஷம் எல்லாரையும் அப்படியே கேட்டேன். ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. மன்னாருக்கு மாற்றம் வந்தது. மறுநாளே வேலை ஏற்க வேண்டும்.

பெட்டியை ஏற்றிவிட்டு மாட்டுவண்டியில் கால் வைத்தேன். தண்டையல் எதிரே வந்து, ஊருக்கே கேட்க, "எங்கை ஐயா போறியள்?" என்றார்.

படித்த உத்தியோகத்தன், சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். கால் ஏறவில்லை. அவர் வீட்டுக்கே போய்த் தண்ணீர் கேட்டேன். உள்ளே எனக்கு இலை போட்டு வைத்திருந்தது, சுறாப்புட்டு மணத்தது. வேண்டுமென்றே கேட்டீர்களா என்றேன். "கேட்டாத்தானே இருப்பியள்."

மன்னாருக்கு ஒரு நாள் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். தாமதத்துக்குக் காரணம் எழுதும் கட்டத்தைத்தான் என் உத்தியோகத்தில் முதல்முறையாகக் காலியாக விட்டேன்.